நேரலகுட்டை ஜீப்

மாதேஸ்வரி ரோட்டை அளக்கிறாள் என்கிற சேதி, நேரலகுட்டையில் காலைப் பால் கறந்து முடிப்பதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வெயிலில் உட்கார வேண்டிய பெண்பிள்ளை, ஒரு கையில் ஸ்டீல் ஸ்கேலும் மறு கையில் நூல்கண்டுமாக டிராக்டர் தடத்தில் குந்திக்கொண்டிருந்தால் ஊர் சும்மா இருக்குமா? சர்வேயர் வந்துவிட்டார், தார் ரோடு போடப்போகிறார்கள் என்று முதலில் ஒரு பேச்சு கிளம்பியது. மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்த ஊர் அது. ஆனாலும் ஆசை மட்டும் விடவில்லை.

நூலின் மறுமுனையை அவள் புருஷன் முனிராஜ் பிடித்திருந்தான். இரண்டு ஏக்கர் ராகியும் தக்காளியும் பார்த்துக்கொள்கிறவன். மண்ணைக் கொத்தத் தெரியும், அளக்கத் தெரியாது.

"ரவ இழுத்துப் புடிங்க. நூலு தொங்குது."

"எங்க தொங்குது? நேராத்தான் கீது."

"உங்களுக்கு எல்லாம் நேராத்தான் தெரியும். இழுங்க."

தடத்தின் இரண்டு பள்ளத்துக்கும் நடுவில் நிற்கும் மேட்டின் உச்சியைத் தொட்டபடி நூலைக் குறுக்கே பிடித்து, பள்ளத்தின் அடியிலிருந்து நூல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஸ்கேலை நிறுத்திப் பார்ப்பாள். பார்த்ததைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்வாள். இருநூற்றுப் பத்து. இருநூற்று இருபத்தைந்து. ஏரிக்கரைத் திருப்பத்தில் இருநூற்று நாற்பது. எல்லாம் மில்லிமீட்டர். ஆறு வருஷமாகக் காருக்குப் பாகம் செய்யும் கம்பெனியில் கேஜ் பிடித்துச் செக் பண்ணுகிறவளுக்கு வேறு கணக்கு வராது.

நேரலகுட்டையிலிருந்து, பெரிய ரோட்டைத் தொடும் கூட்ரோடு ஏழு கிலோமீட்டர். கடைசி ஒரு கிலோமீட்டர்தான் தார். மீதி ஆறும் மண். டிராக்டர்கள் ஓடி ஓடி இரண்டு வாய்க்கால் மாதிரிப் பள்ளம் விழுந்து, நடுவில் புல் முளைத்த மேடு ஊர் வரைக்கும் போகிறது. நடுமேடு என்பார்கள். கார் வந்தால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும், வயிறு மேட்டில் உட்காரும். அப்புறம் மாடு கட்டி இழுக்க வேண்டியதுதான். முன்பு கம்பெனி பஸ் ஊர்க்குட்டை வரைக்கும் வந்துகொண்டிருந்தது. நவம்பர் மழையில் தடம் அறுத்துக்கொண்டு போனதும், இனிமேல் கூட்ரோட்டுக்கு வந்து நில்லுங்கள், ஐந்து பத்துக்கு எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆறு மணி ஷிப்டுக்குப் போகும் பெண்கள் எட்டுப் பேர். மூன்றேகாலுக்குக் கிளம்பி, டார்ச் அடித்துக்கொண்டு, ராகிக்காட்டில் யானை நிற்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நடந்தார்கள். இரண்டு வாரத்தில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மீதி ஆறு பேரும் நிற்க முடியாது. ஏனென்றால் அக்டோபரில் கம்பெனி ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கான்டிராக்டில் ஐந்து வருஷம் தாண்டியவர்கள், தொண்ணூறு வேலை நாள் ஒரு நாளும் லேட் இல்லாமல், ஒரு நாளும் லீவு இல்லாமல் வந்தால் நிரந்தரம். ஒரு நாள் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம், அதுவும் அடுத்த வருஷம்தான். மாதேஸ்வரிக்கு அன்றைக்கு நாற்பத்தேழு முடிந்திருந்தது. நடந்தே மீதியை முடித்துவிடலாம் என்று சொல்ல அவளுக்கே தைரியம் இல்லை. காலில் வெடிப்பு, கண்ணில் தூக்கம். போன வியாழக்கிழமை பஸ்ஸின் கதவைக் கையால் தட்டித்தான் ஏறினார்கள்.

"அப்ப ஜீப்புதான்," என்றான் முனிராஜ். இதை அவன் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லும்போதெல்லாம் முகத்தில் கல்யாணக்களை வரும்.

"ஜீப்புதான். ஆனா எந்த ஜீப்புன்னாலும் வயிறு இடிக்கும். தூக்கணும்."

"தூக்கிடலாம்."

"எவ்வளவு தூக்கணும்னு தெரிஞ்சிக்கத்தான் நூலு புடிச்சிகினு இருக்கறோம். இழுங்க!"

கூத்தைப் பார்க்க வந்த வெள்ளையம்மா வரப்பில் நின்று வாயில் கையை வைத்துக்கொண்டாள். அறுபது வயசு, குச்சி மாதிரி உடம்பு. அவள் மகள் ரூபாவும் அந்த ஆறு பேரில் ஒருத்தி. "ஏம்மே மாதேசு, சட்டைக்கு அளவெடுக்கறத பாத்திருக்கறேன். ரோட்டுக்கு அளவெடுக்கறவள இன்னைக்குத்தான் பாக்கறேன்," என்றாள்.

"சட்டை பத்தலன்னா தெச்சவன திட்டலாம் அத்தே. வண்டி பத்தலன்னா யாரத் திட்டறது?"

ஜீப் ஆனேக்கல் பக்கம் கிடைத்தது. பட்டுப்புழு வளர்க்கும் நஞ்சுண்டப்பா என்கிற கன்னடக்காரர், மல்பெரித் தழை ஏற்றுவதற்காக வைத்திருந்த தொண்ணூற்றெட்டாம் வருஷத்து டீசல் ஜீப். நீலம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. பின்னால் இரண்டு பக்கமும் நீட்டு சீட்டு. பார்த்தவுடனே முனிராஜ் விழுந்துவிட்டான். பானெட்டைத் தடவிக்கொண்டு, "மாதேசு, நம்ம வண்டி!" என்றான், விற்கிறவர் காதில் விழும்படி. பேரம் பேசப் போகும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாத ஆள் என்று அவளுக்கு முன்னமே தெரியும், இருந்தாலும் விட்டுவிட்டு வர மனசு வரவில்லை.

அவள் முதலில் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. வாங்க வருகிறவர்களுக்காக முன்கூட்டியே ஓட்டிச் சூடு பண்ணி வைக்கவில்லை, நல்லது. அப்புறம் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து, தகரத்தின்மேல் ஒட்டவைத்துத் தேய்த்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தாள். ஒட்டாமல் நழுவினால் அங்கே துருவை மறைத்து மாவு பூசியிருக்கிறது என்று அர்த்தம். இடது கதவுக்குக் கீழே மட்டும் ஒரு கை அகலத்துக்கு நழுவியது. பிறகு டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போய்விட்டாள். வெளியே அவள் கால் மட்டும் தெரிந்தது.

நஞ்சுண்டப்பா சிரித்துவிட்டார். "ஏனம்மா, ஜீப் தகொள்ளோக்கெ பந்த்ரா, பரீட்செ மாடோக்கெ பந்த்ரா?" வாங்க வந்தீர்களா, பரீட்சை வைக்க வந்தீர்களா என்று கேட்டார்.

"எரடக்கூ," என்று அடியிலிருந்து பதில் வந்தது. இரண்டுக்கும்தான்.

சேஸிஸ் சுத்தம். ஆர்.சி. புதுப்பித்திருந்தார்கள், இன்சூரன்ஸ் இருந்தது, பேர் மாற்றவும் மாநிலம் மாற்றவும் கையெழுத்துப் போட அவர் தயார். கதவு மாவைக் காட்டி அவள் கொஞ்சம் குறைத்தாள், முனிராஜின் முகத்தைக் காட்டி அவர் கொஞ்சம் ஏற்றினார். சாவி கைக்கு வந்ததும் அவளே ஏறி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அப்பன் வீட்டு டிராக்டர் ஓட்டியவள். ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் ஆகலாம் என்று நம்பி கம்பெனியில் சேர்ந்த வருஷம் நாலு சக்கர லைசன்ஸும் எடுத்து, அது பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது. ஆனேக்கலிலிருந்து அத்திப்பள்ளி வந்து, பெரிய ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் ஓசூருக்குள் நுழையும்வரை முனிராஜ் சீட்டுக் கம்பியை விடாமல் பிடித்திருந்தான். பேடரப்பள்ளி தாண்டியதும், "ஏம்மே, நீ ஓட்டறே!" என்றான், அதுவரை யாரோ ஓட்டியதைப் போல.

மத்திகிரியில் மோகன்குமார் என்பவனின் ஷெட். முப்பது வயசு, தெலுங்கு வீட்டுப் பிள்ளை, பழைய ஜீப்புகளைத் தூக்கித் தருவதில் பேர் வாங்கியவன். பெங்களூரிலிருந்து பையன்கள் ஞாயிற்றுக்கிழமை மலையேற்றி விளையாட ஜீப்புகளைக் கொண்டுவந்து விடுவார்கள். அவர்கள் 'நல்லா கெத்தா இருக்கணும் ப்ரோ' என்பார்கள். மாதேஸ்வரி ஒரு தாளை நீட்டினாள்.

"ஆறு பேரு உக்காந்தப்புறம், வயித்துக்கும் தரைக்கும் இருநூத்தி அறுவது இருக்கணும். இப்ப காலி வண்டியில இருநூத்தி அஞ்சு."

மோகன்குமார் தாளையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "அக்கா, எம்.எம்.ல பேசற மொத கஸ்டமரு நீங்கதான். எல்லாரும் ரெண்டு இஞ்ச்சு, நாலு இஞ்ச்சும்பாங்க. எங்க ஓட்டப் போறீங்க, மலையிலயா?"

"கம்பெனிக்கு. தெனமும்."

"தெனமுமா?" அவனுக்கு அது புதுசாக இருந்தது. "அப்ப ஓவரா தூக்கக் கூடாதுக்கா. ஒசரம் ஏற ஏற வளைவுல ஆடும், பிரேக் புடிச்சா மூக்கு குத்தும். வேணுங்கற அளவுக்கு மேல ஒரு நூலு வேணாம். இன்னொண்ணு கேட்டுக்குங்க. பட்டையத் தூக்கினா பாடியும் சேஸிஸும்தான் மேல போவும். அச்சு அங்கயேதான் இருக்கும். அச்சு ஏறணும்னா டயர் பெருசாவணும், அதுவும் ரவ ஏறும், அவ்வளவுதான்."

"அச்சு எங்க இடிக்கும்னு பாத்துட்டேன். ரெண்டே இடம்."

"அந்த ரெண்டு இடத்தயும் நான் மம்முட்டிய போட்டு வெட்டி எடுத்துடறேன்," என்றான் முனிராஜ், தனக்கும் ஒரு வேலை கிடைத்த சந்தோஷத்தில்.

வேலை நாலு நாள் நடந்தது. ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி, வளைவு ஏற்றி, செட்டுக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தார்கள். பட்டையைத் தாங்கும் ஷேக்கிளை ஒரு விரல் அளவு நீட்டினார்கள். ஷாக் அப்சார்பர் நீளமாக வேண்டியிருந்தது, பிரேக் ஹோஸும் அப்படியே. பழைய டயருக்குப் பதில் ஒரு சுற்று உயரமான டயர். மாதேஸ்வரி ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு வெளியே வந்து நேராக ஷெட்டுக்குப் போய்விடுவாள். முனிராஜ் வீட்டிலிருந்து ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டு வருவான். மார்கழிக் குளிரில் தோல் உரித்த அவரைக்கொட்டையின் வாசனைக்கு, ஷெட்டில் வெல்டிங் அடிக்கிறவர்கள்கூட கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். மூன்றாம் நாளிலிருந்து முனிராஜ் எட்டுப் பேருக்குக் கிண்டிக் கொண்டுவந்தான்.

வண்டி தயார் என்றதும் அவள் அளந்தாள். இருநூற்று எண்பத்தாறு.

"சூப்பர்க்கா, கேட்டதுக்கு மேலயே," என்றான் மோகன்குமார்.

"இது காலி வண்டி. ஆளு உக்காந்தா அமுங்கும் இல்ல? ஆறு பேர ஏத்துங்க."

"ஆறு பேருக்கு நான் எங்கக்கா போவேன்?"

வெல்டர் ஏறினான். பெயின்ட் அடிக்கிறவர் ஏறினார். முனிராஜ் ஏறினான். பக்கத்து டீக்கடைக்காரரும், டீ குடிக்க வந்த இரண்டு பேரும் கிளாசோடு ஏறினார்கள். மாதேஸ்வரி சிமென்ட் தரையில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்து ஸ்கேலை நிறுத்தினாள்.

"ஆடாதீங்க! டீ குடிக்காதீங்க!"

மேலே ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இருநூத்தி அறுவத்திரெண்டு!" என்று அடியிலிருந்து ஒரு கத்தல் வந்தது. ஷெட்டே கைதட்டியது. டீக்கடைக்காரருக்கு எதற்கென்று தெரியாது, ஆனால் அவர்தான் எல்லோருக்கும் மேலே தட்டினார்.

மறுநாள் காலை நாலேகாலுக்கு, பனி மூட்டத்தில் ஊர்க்குட்டைக்கு அருகே ஜீப் நின்றது. ஸ்வெட்டரும் தலையில் மப்ளருமாகப் பெண்கள் வந்தார்கள். உயரம் ஏறிப்போன வண்டியில் ஏறுவது லேசில்லை. மோகன்குமார் ஒரு இரும்புப் படி வைத்துக் கொடுத்திருந்தும், ரூபா இரண்டு தரம் சறுக்கினாள். சின்னவள் யுவஸ்ரீ முன்சீட்டைப் பிடித்துக்கொண்டாள், நான்தான் வழி சொல்வேன் என்று. வழி ஒன்றே ஒன்றுதான், சொல்ல ஒன்றுமில்லை.

ஏரிக்கரைத் திருப்பம் வந்தது. சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கின. மாதேஸ்வரி கியரைக் குறைத்தாள். அடியில் நெடுகிலும் ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

"என்னாக்கா அது?" என்றாள் ரூபா.

"புல்லு. நடுமேட்டுப் புல்லு தடவுது."

"மேடு?"

"மேடு கீழயே கீதுடி!"

பின்னால் எழுந்த கூச்சலில் ஏரியில் தூங்கிய கொக்குகள் கிளம்பியிருக்கும். கூட்ரோட்டுக்கு நாலு ஐம்பதுக்கே வந்துவிட்டார்கள். ஜீப்பை டீக்கடைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, இருபது நிமிஷம் பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். காத்து நிற்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அவர்களுக்கு அதுவரை தெரியாது.

ஐம்பது, அறுபது, எழுபது என்று நாள் ஏறியது. ஜீப் ஊருக்கே சொந்தமாகிப்போனது. தார் ரோட்டின் கடைசி ஒரு கிலோமீட்டரில், அந்தப் பக்கத்து வழக்கப்படி, அறுத்த ராகிக் கதிரைப் பரப்பி வைப்பார்கள். போகிற வண்டியெல்லாம் ஏறிப் போனால் தானியம் உதிர்ந்துவிடும், அடிக்கிற வேலை மிச்சம். பரப்பினதைப் பார்த்து ஒதுங்கிப் போகிறவன் ஆகாதவன், ஏறிப் போகிறவன் நல்லவன். மாதேஸ்வரி நல்லவளிலும் நல்லவளாக இருந்தாள். சாயந்தரம் திரும்பி வரும்போது, "அத்தே, போதுமா? இன்னொரு தடவ ஏத்தட்டா?" என்று கேட்டு, ரிவர்ஸ் எடுத்து இன்னொரு முறை ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். பொங்கலுக்கு வெள்ளையம்மா ஜீப்புக்கும் ஒரு சாமந்தி மாலை கட்டிக்கொண்டு வந்து போட்டாள்.

தொண்ணூறாம் நாள் ஜனவரிக் கடைசியில் வந்தது. அன்றைக்கு ஷிப்டில் நேரத்துக்குக் கைரேகை வைத்துவிட்டால் முடிந்தது. ஆறு பேருக்கும் முந்தின ராத்திரி தூக்கமில்லை. பனி அப்படி ஒரு பனி, பானெட்டுக்கு முன்னால் பத்தடி தெரியவில்லை. ஊர்ந்து ஊர்ந்து தார் ரோட்டைத் தொட்டபோது ஐந்துக்கு ஒரு நிமிஷம்தான் பாக்கி.

ரோட்டில் வெள்ளையம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றாள். ராகி முடிந்து இப்போது கொள்ளு. வேறு யாரும் இடம் பிடித்துவிடக் கூடாது என்று முந்தின சாயந்தரமே செடியைக் கொண்டுவந்து முழங்கால் உயரத்துக்குப் பரப்பிப் போட்டுக் காவலுக்குப் படுத்திருந்தாள். பனியில் எல்லாம் நனைந்து கிடந்தது.

அந்தச் சீமையில் பிறந்த எவருக்கும் தெரியும், கொள்ளு ராகி இல்லை. கொள்ளு கொடி. காரில் வருகிறவன் கொள்ளைப் பார்த்தால் இறங்கி, ஓரம் ஒதுக்கிவிட்டுத்தான் போவான். இல்லாவிட்டால் அடியில் சுழலும் ராடில் கொடி சுற்றிக்கொண்டு, சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும். மாதேஸ்வரிக்கும் தெரியும். ஆனால் அது தாழ்ந்த வண்டிக்காரர்களின் பயம் அல்லவா? நாற்பது நாளாக நடுமேட்டுக்கு மேலே போகிறவளுக்குக் கொள்ளு எட்டுமா?

"மெதுவா ஏத்தும்மே. ஈரமானாலும் ரவ நசுங்கட்டும், வெயிலு வந்ததும் உதுந்துடும்," என்றாள் வெள்ளையம்மா. "உனுக்கு என்னா, தூக்கின வண்டி."

"அதான அத்தே."

ஏற்றினாள். ஐம்பதடி போவதற்குள் வண்டி இழுக்கத் திணறியது. கிளட்ச்சை விட்டு மிதித்தாள். அடியில் எதுவோ கயிறு முறுக்குகிற மாதிரி நெறிந்தது. யுவஸ்ரீதான் முதலில் மோந்தாள்.

"அக்கா, பொகை!"

எஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்தாள். மற்றவர்களும் குதித்தார்கள். டார்ச் வெளிச்சத்தில், பின் அச்சுக்குப் போகும் ராடில் ஈரக் கொடி சுற்றிச் சுற்றி, பெரிய பானை அளவுக்கு இறுகியிருந்தது. சைலன்சர் தொட்ட இடத்திலிருந்து வெள்ளைப் புகை. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அச்சு அங்கேயேதான் இருக்கும் என்று மோகன்குமார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தானே! மேட்டை நூல் பிடித்து அளந்தவள், கொள்ளை அளக்காமல் விட்டாள். அவள் புத்தியை எதைக் கொண்டு அடிப்பது?

"தண்ணி! பாட்டிலு எல்லாத்தயும் எடுங்க!"

ஆறு பாட்டில் தண்ணீரும் சைலன்சரில் போய்ச் சீறியது. புகை அடங்கியது. ரூபாவும் அவளும் படுத்துக் கையால் பிய்த்தார்கள். ஈரக்கொடி கம்பியாக இறுகியிருந்தது, நகம்தான் பெயர்ந்தது. தூரத்தில், கூட்ரோட்டில், பஸ் இரண்டு முறை ஆரன் அடித்தது. இவர்களைத்தான் கூப்பிட்டது. கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றது. பிறகு அந்தச் சத்தம் பனிக்குள் போய்விட்டது.

யுவஸ்ரீ ரோட்டிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். மாதேஸ்வரிக்கும் அழுகை வந்தது. அவள் ஒருத்தியின் தொண்ணூறு மட்டும் இல்லை, ஆறு பேருடையதும் அவள் ஸ்டீயரிங்கில் இருந்தது.

"அழுவறத அப்பறம் வச்சிக்குங்க, தள்ளுங்கடி!" என்று வெள்ளையம்மா கம்பளியை உதறிப் போட்டாள். இடுப்பில் செருகியிருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு, தரையில் மல்லாந்து படுத்து, ஓணான் மாதிரி வண்டிக்கு அடியில் போய்விட்டாள். பழைய உயரத்தில் இருந்திருந்தால் அங்கே ஒரு கோழிகூட நிமிர்ந்து உட்கார முடியாது. இப்போது கிழவி தாராளமாகக் கையை ஓங்கி அறுத்தாள். "வெளக்க இங்க காட்டுடி ரூபா! மூஞ்சிக்கு அடிக்காத, கொடிக்கு அடி! என் கொள்ளுடீ இது. பாடுபட்டு வெளைய வச்சது என்னையே வந்து சுத்துது பாரு!"

சரக் சரக்கென்று அறுத்துக் கொத்துக்கொத்தாக வெளியே தள்ளினாள். மாதேஸ்வரி அடியில் பாதி நுழைந்து, கிரீஸும் கரியுமான மிச்சத்தை உருவி எடுத்தாள். ஐந்து இருபதுக்கு ராடு சுத்தமாகச் சுழன்றது.

"பஸ்ஸு போச்சேக்கா," என்றாள் ரூபா.

"போவட்டும். இது எதுக்கு கீது?" மாதேஸ்வரி பானெட்டைத் தட்டினாள். தட்டிய பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. "ஏறுங்க. கம்பெனிக்கே போறோம்."

ஆறு பேரும் ஏறினார்கள். ஏழாவதாக வெள்ளையம்மாவும் அரிவாளோடு ஏறினாள்.

"நீ எங்கம்மா வர?"

"வழியில மறுபடி பொகைஞ்சா நீயா அறுப்ப? ஓட்டும்மே மாதேசு!"

கூட்ரோட்டிலிருந்து கம்பெனி இருபத்து நாலு கிலோமீட்டர். பகலில், முனிராஜ் பக்கத்தில் இருக்க, ஒரே ஒரு தரம் பெரிய ரோட்டில் ஓட்டியவள். இப்போது இருட்டு, பனி, லாரிகளின் சிவப்பு விளக்கு. யுவஸ்ரீ கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சொன்னாள். நாற்பது நாளாக அந்தப் பெண்ணிடம் வழி கேட்க ஆளில்லை, இன்றைக்கு அவள்தான் கண். உயரத்தில் உட்கார்ந்திருந்ததால் பனித்திட்டுக்கு மேலே கொஞ்சம் முன்னமே தெரிந்தது. "வலது காலி, போங்கக்கா!" ஒரு சிமென்ட் லாரியைத் தாண்டினார்கள். "லெஃப்ட்ல பால் டேங்கர்!" அதையும் தாண்டினார்கள். நாலு பக்க விளக்கும் மினுக்கிக்கொண்டு ஊர்ந்த ஒரு பஸ்ஸைத் தாண்டும்போது பின்னாலிருந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். பயத்தில் ஆரம்பித்த கத்தல், நடுவில் எங்கோ குஷியாக மாறிவிட்டது. வெள்ளையம்மாதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள். மாதேஸ்வரி ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தாள். பயம் இருந்தது, இல்லாமல் என்ன. ஆனால் இப்படியே சேலம் வரைக்கும் போகச் சொன்னாலும் போயிருப்பாள்.

கம்பெனி கேட் வந்தபோது ஐந்து ஐம்பத்தாறு. செக்யூரிட்டி அண்ணாதுரை ஓடிவந்தார். "ஏய், ஏய், இங்க நிறுத்தக் கூடாது!"

"ரெண்டு நிமிஷம்ணா!"

கேட்டை ஒட்டிய அறையில் கைரேகை மெஷின். நாலு பேர் வைத்தார்கள். நாலு முறையும் மெஷின் 'தேங்க் யூ' சொன்னது. ரூபா பாவாடையில் கையைத் துடைத்து வைத்தாள். இரண்டாம் தரத்தில் எடுத்துக்கொண்டது. மாதேஸ்வரி வைத்தாள். சிவப்பு. மறுபடி வைத்தாள். சிவப்பு. கட்டைவிரல் முழுக்கக் கிரீஸும் கரியும், ரேகை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. ஐம்பத்தெட்டு. தண்ணீர் முழுக்கச் சைலன்சருக்குப் போய்விட்டது.

"சாப்பாட்டத் தொறடி!" என்றாள் மாதேஸ்வரி.

ரூபா தூக்குப் போசியைத் திறந்தாள். உள்ளே விடிகாலையில் கிண்டிய ராகிக் களி உருண்டை. மாதேஸ்வரி அதில் கட்டைவிரலைக் குத்தி, முறுக்கி, பிசைந்து எடுத்தாள். கிரீஸையெல்லாம் களி வாங்கிக்கொண்டது. முந்தானையில் ஒரு துடைப்பு. ஊதினாள். வைத்தாள்.

'தேங்க் யூ' என்றது மெஷின். ஐந்து ஐம்பத்தொன்பது.

ஐந்து பேரும் அவள்மேல் விழுந்தார்கள். யுவஸ்ரீ அழுதாள், ரூபா சிரித்தாள், மாதேஸ்வரி இரண்டையும் சேர்த்துச் செய்தாள். அண்ணாதுரைக்கு ஒன்றும் புரியவில்லை. "சரிம்மா, பஸ் எங்க? மத்தவங்க எல்லாம் எங்க?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, நாலு பக்க விளக்கும் மினுக்கிக்கொண்டு, பனிக்குள்ளிருந்து கம்பெனி பஸ் ஊர்ந்து வந்து ஜீப்புக்குப் பின்னால் நின்றது. மணி ஆறு ஆறு.

மாதேஸ்வரி ரூபாவைப் பார்த்தாள். ரூபா யுவஸ்ரீயைப் பார்த்தாள்.

பஸ் டிரைவர் கீழே குதித்து, வழியை மறித்து நின்ற ஜீப்பிடம் போனார். "பனியில என்னயே தாண்டிகினு வந்தது யாருய்யா? யாரு இந்த ஜீப்பு டிரைவரு?"

ஜீப்பின் பின்பக்கத்தில் ஒரு தலை எழுந்தது. தலையெல்லாம் கொள்ளுச் சருகு. கையில் அரிவாள்.

"எங்க மாதேசு," என்றாள் வெள்ளையம்மா. "அதுக்கு இப்ப என்னாங்கற?"